கொசுறுக்கும் கையெழுத்து வேண்டும்

தேர்தல் முடிவெல்லாம் வந்து ஊர் அடங்கிக் கிடந்த தொண்ணூற்றாறாம் வருஷத்து மே மாதக் கடைசி. தச்சநல்லூர் முத்துமாலை டீக்கடையில் மட்டும் இன்னொரு எண்ணிக்கை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அந்தக் கடைச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. வருஷம் பூராவும் அதில் வடை விலையும் பஜ்ஜி விலையும்தான் இருக்கும். கால்பந்து கிளப்புகள் ஒன்றுக்கொன்று ஆள் வாங்கி ஆள் விற்கிற அந்தப் பத்து நாளில் மட்டும் முத்துமாலை வடையை அழித்துவிட்டு நாலு கட்டம் போடுவார். டவுண் ரதவீதி யூனியன், பாளை ரோவர்ஸ், கருப்பந்துறை, நம்ம தச்சநல்லூர் உதயம். ஒவ்வொன்றின் கீழும் ‘வாங்கினது’ என்று ஒரு வரிசை, ‘வித்தது’ என்று ஒரு வரிசை. யார் யாரை எம்புட்டுக்கு எடுத்தான், எம்புட்டுக்குக் கைமாற்றினான் என்று சாக்பீஸால் எழுதி, அடியில் கூட்டிக் கழித்துப் போடுவார்.

முத்துமாலை ஜென்மத்தில் பந்தைக் காலால் தொட்டவரில்லை. ஆனால் நாலு கிளப்பின் வரவு செலவும் அவருடைய நாக்கு நுனியில் இருந்தது. டவுண்காரன் வாங்குவதில் முதல். நாம் விற்பதில் முதல். ரெண்டு வருஷம் முன்னால் நாம் ஐயாயிரத்துக்குத் தள்ளிவிட்ட ஒரு விங் ஆட்டக்காரனை டவுண்காரன் போன மாசம் மதுரைக்கு இருபத்திரண்டாயிரத்துக்கு விற்றிருந்தான். அதை எழுதும்போது முத்துமாலைக்குச் சாக்பீஸ் ரெண்டாக உடைந்தது. கருப்பந்துறைக் கட்டம் எப்போதும் காலி. அங்கே இருக்கிற பதினொரு பேரும் அண்ணன் தம்பி, மச்சான் மாப்பிள்ளை. யாரை யாருக்கு விற்பது?

அன்று சாயங்காலம் நெல் குடோனில் லாரி இறக்கிவிட்டு, தலையிலும் புருவத்திலும் உமித் தூசியோடு கிருபைராஜ் டீ குடிக்க வந்தான். உதயம் கிளப்பின் ஸ்டாப்பர் அவன்தான். பின்னால் கோல்கீப்பருக்கு முன்னே நின்று, வருகிறவனையெல்லாம் மறிக்கிற வேலை. பதினொரு வருஷமாக அந்த இடத்தில் வேறு எவனும் நின்றதில்லை. வயசு இருபத்தெட்டு. டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு பலகையைப் பார்த்தவன், உதயத்தின் ‘வித்தது’ வரிசையில் தன் பேரைப் பார்த்தான்.

‘பேச்சிராஜ் – டவுண் – 15,000. கூட, கிருபைராஜ்.’

“என் பேரு இங்கன எதுக்கு அண்ணாச்சி இருக்கு?”

முத்துமாலை டீயை உயர்த்தி ஆற்றிக்கொண்டே திரும்பாமல் சொன்னார். “உனக்குத் தெரியாதாலே? நம்ம கோல் அடிக்கிற பேச்சிய டவுண்காரன் எடுத்துட்டான். கூட உன்னையும்.”

“எனக்கு எம்புட்டு?”

“உனக்குன்னு தனியா ஒண்ணும் இல்ல. கத்தரிக்கா வாங்குனா நாலு கருவேப்பில போடுவாகள்லா, அது மாதிரிதான். கொசுறு.”

பெஞ்சில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. முத்துமாலை எதைச் சொன்னாலும் அவர்கள் சிரிப்பார்கள். கிருபைராஜும் பழக்க தோஷத்தில் பாதி சிரித்துவிட்டான். அதற்குள் அவன் கண் பக்கத்து வரிசைக்குப் போய்விட்டது. உதயம் இந்த வருஷம் ‘வாங்கினது’: பாளை ரோவர்ஸிலிருந்து ஒரு ஸ்டாப்பர், 4,000.

இருக்கிற ஸ்டாப்பரைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு, அதே இடத்துக்கு வேறொரு ஸ்டாப்பரைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அப்படியானால் அந்த இடத்துக்கு விலை இருக்கிறது. நிற்கிற ஆளுக்குத்தான் இல்லை. டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு நடந்தான்.

உதயத்தின் செயலாளர் மந்திரமூர்த்திக்குத் தெற்குத் தெருவில் அரிசிக்கடை. நல்ல மனுஷன். கிளப்புக்காகத் தன் கைக்காசைப் போட்டுப் பந்து வாங்கினவர். ஆனால் எதையும் தராசில் வைத்துப் பார்க்கிற வியாபாரி. கிருபைராஜ் வந்து நின்ற விதத்திலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“உக்காருலே. நானே ஆள் விட்டுச் சொல்லணும்னு இருந்தேன்.”

“ஊருக்கே தெரிஞ்சிட்டு. எனக்கு ஆள் விட்டா சொல்லுவிய?”

“கேளு. டவுண் கிளப்பு சிவசண்முகம் முதலாளி பேச்சிக்குப் பன்னெண்டுதான்னு நின்னாரு. நான் பதினஞ்சுன்னேன். ஒரு மணி நேரம் இழுபறி. கடைசியில, சரி, பதினஞ்சுன்னா ஒரு ஸ்டாப்பரையும் சேத்துக் குடும்னாரு. நான் என்ன செய்ய? கிளப்புக்கு வேன் வாடகை பாக்கி, ஜெர்சி கிழிஞ்சு தொங்குது.”

“அப்போ பாளைக்காரனுக்கு நாலாயிரம் எங்கேருந்து வந்துது?”

மந்திரமூர்த்தி அரிசியை அளந்து பார்க்கிற மாதிரி கையில் அள்ளி அள்ளிப் போட்டார். “அவன் காலேஜ் ஆளுலே. ஆறடி. நாலு எடத்துல ஆடுனவன். வெளியில இருந்து ஒருத்தன் வந்தாத்தான் டீமுக்கு ஒரு மதிப்பு.”

“நான் பதினோரு வருஷமா ஒரே எடத்துல ஆடுனது தப்பாப் போச்சு.”

“அப்படிச் சொல்லலலே. உனக்கும் வயசு ஆகுது. டவுண்ல போய் ஒரு வருஷம் பெஞ்சுல இருந்துட்டு வா. நல்ல சாப்பாடு போடுவாக.”

அந்தக் கடைசி வார்த்தை வராமல் இருந்திருந்தால் கிருபைராஜ் ஒருவேளை பேசாமல் போயிருப்பான். சாப்பாடாம். மூட்டை தூக்கித் தின்கிறவனிடம் வந்து சொல்கிற பேச்சா இது?

“நான் போவ மாட்டேன் அண்ணாச்சி. என்னவே நெனைச்சிய? கூட வச்சுக் கட்டி அனுப்புததுக்கு நான் என்ன உம்ம கடை சாக்கா?”

பதினொரு வருஷத்தில் அவன் மந்திரமூர்த்தியை மரியாதையை விட்டு ‘வே’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கையிலிருந்த அரிசி தரையில் விழுந்தது.

மறுநாள் காலையில் டவுண்காரர்கள் வந்தார்கள். இந்தப் பக்கத்தில் ஆட்டக்காரனை எடுப்பதற்கு ஒரு முறை இருந்தது. பெண் கேட்டு நிச்சயம் பண்ணுகிற மாதிரி, வாங்குகிற கிளப்பு தட்டோடு வீட்டுக்கு வரும். வெற்றிலை, பாக்கு, ரெண்டு தேங்காய், வேட்டி சட்டை, நூற்றியொரு ரூபாய், நடுவில் ஒரு ஜோடி புது பூட்ஸ். ஆட்டக்காரனின் அம்மா தட்டைக் கையில் வாங்கிவிட்டால் வாக்கு நின்றுவிட்டது. அப்புறம் கையெழுத்தெல்லாம் சடங்குக்குத்தான். பேச்சிராஜின் அம்மா அன்று காலை எட்டு மணிக்குத் தட்டை வாங்கியிருந்தாள். எட்டரைக்கு ரதவீதி யூனியன் தலைவர் சிவசண்முகமே கார் விட்டு இறங்கி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சாரம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கீழரதவீதியில் மூன்று மாடி ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர். கையில் ஒரு தாள். கூடவே கணக்குப்பிள்ளை. தட்டு இல்லை.

சாரம்மாள் கிருபைராஜின் அம்மா. மடியில் இலையும் தூளும் பரப்பிய சொளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். ஆள் வந்தது தெரிந்தும் கையிலிருந்த பீடியைச் சுற்றி முடித்து, நூல் கட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். உள்ளே பழையசோற்று நீத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த கிருபைராஜ் டம்ளரோடு நிலைப்படிக்கு வந்தான்.

“பையன் இதுல ஒரு கையெழுத்துப் போடணும்மா. ஞாயித்துக்கிழமை அஞ்சு மணியோட கெடு முடியுது,” என்றார் சிவசண்முகம்.

“தட்டு எங்கய்யா?”

“என்னது?”

“பேச்சி வீட்டுக்குக் கொண்டு போனியள்லா. எனக்கு பூட்ஸும் வேண்டாம், தேங்காயும் வேண்டாம். ரெண்டு வெத்தலைய வச்சாவது ஒரு தட்டு கொண்டு வந்தியளான்னு கேக்கேன்.”

சிவசண்முகத்துக்கு வெயில் ஏறிக்கொண்டிருந்தது. “இதுக்கெல்லாம் தட்டு எதுக்கும்மா? கூட வாற ஆளுதானே.”

“கூட வாற ஆளா?” சாரம்மாள் சொளவை இறக்கி வைத்தாள். “இவன நான் பத்து மாசம் தனியாத்தான் சொமந்தேன். எவன் கூடயும் ஒட்டிக்கிட்டு வரல. வேதக்கோயில்ல இவனுக்குத் தனியாத்தான் ஞானஸ்நானம் குடுத்துப் பேரு வச்சாக. போயிட்டு வாங்க முதலாளி. வெயிலு கூடுது.”

சிவசண்முகம் அவளை விட்டுத் திரும்பினார். கிருபைராஜைப் பார்த்தார். “ஏலே, ஒனக்குப் புரியுற மாதிரிச் சொல்லுதேன். ரெண்டு பேரும்னு பேசித்தான் பதினஞ்சு. நீ வராட்டா பேச்சியும் வேண்டாம், அவனுக்கு என் கடையில சொன்ன வேலையும் கிடையாது. மூட்ட தூக்குதவனுக்கு இம்புட்டு ரோஷம் ஆகாது.” தாளை வாசல்படியில் வைத்து, பறக்காமல் இருக்க ஒரு கல்லையும் தூக்கி வைத்துவிட்டுக் காருக்குப் போனார்.

சாரம்மாள் முகம் சுண்டிப்போனது. சொளவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஆனால் அடுத்த அரைமணி நேரத்துக்கு அவள் சுற்றின பீடி ஒன்றும் சரியாக வரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க கிருபைராஜால் முடியவில்லை. தாளைக் கிழித்து அந்தக் கார் போன பக்கம் வீச வேண்டும் என்றுதான் கையில் எடுத்தான்.

கிழிப்பதற்கு முன்னால் வாசித்தான். எட்டாவது வரை படித்தவன். அச்சடித்த பாரம். வீரர் பெயர், விடுக்கும் கழகம், சேரும் கழகம். ‘தொகை’ என்ற இடத்தில் ஒரு பூஜ்யம். கீழே ‘எழுத்தால்’ என்ற இடத்தில், மந்திரமூர்த்தியின் மணி மணியான கையெழுத்தில், ‘பூஜ்யம் மட்டும்’. அவர் பில்லில் எந்த இடத்தையும் சும்மா விடமாட்டார். சும்மா விட்டால் எவனாவது பின்னால் ஒரு எண்ணைச் சேர்த்துவிடுவான் என்று முப்பது வருஷத்து வியாபாரப் பயம். அடியில் அவருடைய கையெழுத்து, கிளப் சீல்.

பூஜ்யம் மட்டும். கிருபைராஜ் அதை மூன்று தடவை வாசித்தான். தாளைத் திருப்பினான். பின்பக்கம் பொடி எழுத்தில் எட்டு விதிகள். அதை இந்த ஜில்லாவில் எவனும் வாசித்திருக்க மாட்டான். ஆறாவது விதிக்கு வந்தபோது நின்றான். மறுபடி முதலிலிருந்து வாசித்தான்.

‘வீரர் ஒருவர் தம் பெயருக்கு நேரே குறிக்கப்பட்ட தொகையைத் தாமே தம் கழகத்துக்குச் செலுத்திவிட்டால், அவர் தாம் விரும்பிய எந்தக் கழகத்திலும் சேர உரிமையுடையவர்.’

ஆயிரக்கணக்கில் கட்டித் தன்னையே மீட்டுக்கொள்ள எந்த ஆட்டக்காரனிடம் பணம் இருந்தது? அதனால் அந்த விதி இதுவரைக்கும் தூங்கிக்கொண்டிருந்தது. கிருபைராஜ் சிரித்தான். சத்தமாக, தொடையில் தட்டிச் சிரித்தான்.

“என்னலே, கோட்டி பிடிச்சிட்டா?” என்றாள் சாரம்மாள்.

“இல்லம்மா. நம்மகிட்ட பூஜ்யம் இருக்கான்னு பாக்கேன்.”

சிரிப்பு சாயங்காலம் வரைதான் தாங்கியது. குடோன் வேலை முடிந்து வரும்போது, ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் மைதானத்து ஓரத்தில் பேச்சிராஜ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். கிடைத்த பந்தையெல்லாம் கோலாக்குகிற பையன், இருபத்தொரு வயசு, இன்று பார்த்தால் பெனால்டியைத் தவறவிட்டவன் மாதிரி இருந்தான்.

“அண்ணே, நீங்க வரலன்னா எனக்கும் இல்லையாம்.”

“தெரியும்.”

“மாசம் ஆயிரத்து இருநூறுண்ணே. கடைக்குள்ள நின்னு சேலை எடுத்துக் காட்டுத வேல. ஆவணில அக்கா கல்யாணம். எங்கம்மை தட்டை வாங்கிட்டா. இனி அது திரும்பிப் போச்சுன்னா தெருவுல தலைகாட்ட முடியாது.” அவன் நிறுத்தி, சைக்கிள் மணியைத் திருகினான். “உங்கள அவுக அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கலண்ணே. சத்தியமாப் பிடிக்கல. ஆனா எனக்கு வேல வேணும்.”

கிருபைராஜுக்கு ஆத்திரம் வந்தது. இவன் அடித்த கோலில் பாதிக்குப் பந்து பின்னாலிருந்து யார் கொடுத்தது? பதினைந்தாயிரத்தில் ஒரு ஆயிரமாவது அந்தக் காலுக்கு இல்லையா? கேட்டுவிட வாய் வரை வந்தது. பையனின் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. வேலை வேண்டும் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டான். அது போதும். தன் ரோஷத்துக்கு இவன் அக்கா கல்யாணத்தை விலையாகக் கொடுக்கவும் முடியாது, தன் ரோஷத்தை விடவும் முடியாது.

“இங்க பாருலே. ஞாயித்துக்கிழமை நான் பாளைக்கு வருவேன். ஆனா சங்க ஆபீஸ் உள்ள வர மாட்டேன். எதிர்த்தாப்புல மைதானத்துல வேப்பமரம் நிக்கில்லா, அதுக்குக் கீழ இருப்பேன். உன் பாரத்துல கையெழுத்து ஆயி, சீல் விழுந்து, துட்டும் கை மாறணும். அதுக்குப் பொறவு நீ வெளிய வந்து தலையில ஒரு தடவ கைய வையி. அப்பந்தான் நான் வருவேன்.”

“அவுக ரெண்டு பேரும் ஒண்ணாத்தான்னு சொல்லுவாகளே.”

“சொல்லட்டும். கெடு அஞ்சு மணிக்கு. நாலே முக்காலுக்கு அவருக்கு நீ பெருசா, நான் பெருசா?”

பேச்சிராஜ் ஏன் என்று கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு சைக்கிளில் ஏறினான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கே ஜில்லா கால்பந்துச் சங்க ஆபீஸ் வராந்தாவில் செருப்பு வைக்க இடமில்லை. ஆபீஸ் என்றால் என்ன, ஒரு மேஜை, ஒரு பீரோ, ஓடாத ஒரு மின்விசிறி. மேஜைக்குப் பின்னால் சங்கச் செயலாளர் ஜெயராம் சார். ரிட்டையர் ஆன டிரில் மாஸ்டர். சுவர்க் கடிகாரம் அஞ்சு அடித்ததும் பீரோவைப் பூட்டிவிட்டு டவுண் பஸ் பிடிக்கப் போய்விடுவார். யாருக்காகவும் அரை நிமிஷம் நிற்க மாட்டார்.

கிருபைராஜ் வேப்பமரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். வராந்தாவில் சிவசண்முகம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடப்பது தெரிந்தது. மந்திரமூர்த்தி தூணில் சாய்ந்திருந்தார். நாலரை. கணக்குப்பிள்ளை ரோடு வரை வந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போனான். மரத்தடியைப் பார்க்கவில்லை. கிருபைராஜுக்குக் கால் துறுதுறுத்தது, எழுந்து போய்விடலாமா என்று. போகவில்லை. ஸ்டாப்பராக நின்ற பதினொரு வருஷத்தில் அவன் படித்த ஒரே பாடம் அதுதான். முன்னால் பாய்கிறவன் தோற்பான். வருகிறவன் பந்தைக் காலைவிட்டுக் கொஞ்சம் தள்ளுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

நாலே முக்கால். சிவசண்முகம் கடிகாரத்தைப் பார்த்தார், மந்திரமூர்த்தியைப் பார்த்து என்னவோ சத்தம் போட்டார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். பேச்சிராஜையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். மூன்று நிமிஷம். நாலு நிமிஷம். பேச்சிராஜ் வெளியே வந்து, தலையில் கையை வைத்தான். ஒரு கையை அல்ல, பாவி, ரெண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றான்.

கிருபைராஜ் எழுந்து, இடுப்பில் கட்டியிருந்த சாரத்து மண்ணைத் தட்டிவிட்டு, பைய நடந்து ரோட்டைத் தாண்டினான்.

“வந்துட்டான்,” என்றார் சிவசண்முகம். அவருக்கு மூச்சு வந்தது. “எங்கலே போன? போடு, போடு, கையெழுத்தப் போடு.”

கிருபைராஜ் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து மேஜையில் விரித்தான். “சார், இதுல மந்திரமூர்த்தி அண்ணாச்சி கையெழுத்தும் கிளப் சீலும் இருக்கு. எனக்கு நேர போட்டிருக்க தொகை எம்புட்டுன்னு வாசிங்க.”

ஜெயராம் சார் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “பூஜ்யம். எழுத்தால், பூஜ்யம் மட்டும்.”

“பின்னால ஆறாவது விதியையும் வாசிங்க சார்.”

அவர் தாளைத் திருப்பி வாசித்தார். முதலில் சாதாரணமாக ஆரம்பித்தவர், பாதியில் குரலை இறக்கி, ஒவ்வொரு வார்த்தையாக வாசித்து முடித்தார். வராந்தாவில் இருந்தவர்கள் மேஜையை நெருங்கினார்கள்.

கிருபைராஜ் மந்திரமூர்த்தியின் பக்கம் திரும்பினான். மூட்டைக் கொக்கி பிடித்துக் காய்த்துப்போன வலது கையை அவருக்கு முன்னால் விரித்து நீட்டினான். கையில் ஒன்றும் இல்லை.

“இந்தாங்க அண்ணாச்சி. பூஜ்யம் மட்டும். எண்ணிக்கிடுங்க. ரசீது வேணும்.”

முதலில் சிரித்தது வேடிக்கை பார்க்க வந்திருந்த கருப்பந்துறைக்காரர்கள். அப்புறம் வராந்தா முழுக்கச் சிரித்தது. மந்திரமூர்த்தி சிரிக்கவில்லை. தான் எழுதின எழுத்தையே வெறித்துப் பார்த்தபடி நின்றார்.

“இது ஏமாத்து வேல,” என்று கத்தினார் சிவசண்முகம். “ரெண்டு பேரும்னு பேசித்தான் துட்டக் குடுத்தேன். பேச்சி பாரத்தக் கிழிங்க சார்.”

“சீல் போட்டாச்சு. கிழிக்க முடியாது,” என்றார் ஜெயராம் சார். “உங்களுக்குள்ள பேசினது பாரத்துல இல்ல. பாரத்துல இருக்கது பூஜ்யம். விதி விதிதான். இந்தப் பையன் இப்போ யாரோட ஆளும் இல்ல. மணி நாலு அம்பத்தி மூணு. எந்தக் கிளப்புன்னு சீக்கிரம் சொல்லுப்பா.”

யாரோட ஆளும் இல்ல. கிருபைராஜ் அதை மனசுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தான். வாழ்நாளில் அப்படி ஒரு நிமிஷம் அவனுக்கு வாய்த்ததில்லை. குடோன்காரன் ஆள், உதயத்து ஆள், கூட வருகிற ஆள் என்று யாருடைய ஆளாகவோதான் இருந்திருக்கிறான்.

சிவசண்முகம் வியாபாரி. கோபத்தை அரை நிமிஷத்தில் மடித்து உள்ளே வைத்துவிட்டார். பணப்பையைத் திறந்தார். “சரிலே. நீ புத்திசாலி. உன் கையிலயே தாரேன், கிளப்புக்கு இல்ல. அஞ்சாயிரம்.” கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். “ஆறாயிரம். இப்பமே.”

மூட்டைக்கு ஒண்ணேகால் ரூபாய். ஆறாயிரத்துக்கு எத்தனை மூட்டை என்று அவன் முதுகுதான் முதலில் கணக்குப் போட்டது. நாலாயிரத்து எண்ணூறு மூட்டை. நோட்டுக்கட்டு கண்ணெதிரே இருந்தது. ஆசை இல்லை என்று சொன்னால் பொய்.

“நீங்க எங்கம்மைகிட்ட ஒண்ணு சொன்னிய முதலாளி. மூட்ட தூக்குதவனுக்கு ரோஷம் ஆகாதுன்னு. உங்க துட்ட வாங்கிட்டா அது நெசமாயிரும். அது மட்டுமில்ல, எனக்கு இந்த வருஷம் உங்க டீமுக்கு எதிர்த்தாப்புல நிக்கணும்னு இருக்கு. பேச்சி, நீயும் பாத்து வாடே. சேக்காளின்னு விட மாட்டேன்.”

பேச்சிராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரிண்ணே,” என்றான்.

நாலு அம்பத்தஞ்சு. மந்திரமூர்த்தி தூணை விட்டு நகர்ந்து முன்னால் வந்தார். குரல் இறங்கியிருந்தது. “நம்ம கிளப்புக்கே வந்துருலே. நான் செஞ்சது தப்பு. எல்லார் முன்னாடியும் சொல்லுதேன், தப்புதான்.”

“தப்புன்னு சொன்னதுக்கு சந்தோஷம் அண்ணாச்சி. எம்புட்டு தருவிய?”

“உனக்கா? துட்டா?”

“பாளைக்காரனுக்குக் குடுத்தியள்லா.”

மந்திரமூர்த்தி கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் இடுப்பிலிருந்த பையை அவிழ்த்தார். பத்து நிமிஷத்துக்கு முன்னால் பேச்சிக்காக வாங்கின பதினைந்தாயிரம் அதில் இருந்தது. நாலாயிரத்தை எண்ணி எடுத்தார்.

“இன்னும் ஒரு ரூவா,” என்றான் கிருபைராஜ்.

“அது எதுக்குலே?”

“நாலாயிரம் எங்கம்மைக்கு. அந்த ஒத்த ரூவாதான் எனக்கு. பாளைக்காரனவிட ஒரு ரூவா கூடுதல்னு முத்துமாலை பலகையில எழுதணும்.”

மந்திரமூர்த்தி சட்டைப்பையைத் துழாவி ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, நோட்டின் மேல் வைத்துக் கொடுத்தார். தன் கிளப்பின் சொந்த ஆளைத் தானே விலை கொடுத்து வாங்குகிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது.

ஜெயராம் சார் புது பாரத்தை எடுத்து நீட்டினார். வீரர் பெயர், சேரும் கழகம் எல்லாம் மந்திரமூர்த்தியே எழுதினார். தொகை என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினார்.

“இருபதாயிரம்னு போட்டுருதேன்லே. இனி உன்ன எடுக்குதவன் அம்புட்டு எண்ணி வைக்கணும், எவனும் தொட முடியாது. நீயும் பெரிய ஆளுதான்னு ஊரே பாக்கட்டும்.”

“வேண்டாம். பூஜ்யம்னு எழுதுங்க.”

“கோட்டிக்காரனாலே நீ? நாலாயிரத்து ஒண்ணு எண்ணிக் குடுத்துட்டு, பூஜ்யமா?”

“நாலாயிரத்து ஒண்ணு, இந்த வருஷம் நான் உங்களுக்கு ஆடுததுக்கு. பூஜ்யம், அடுத்த வருஷம் நீங்க என்னைய விக்காம இருக்கதுக்கு. வித்தியன்னா, மறுபடி பூஜ்யத்த எண்ணி வச்சிட்டுக் கெளம்பிருவேன்.”

மந்திரமூர்த்தி அவன் முகத்தைப் பார்த்தார். கடிகாரத்தில் நாலு அம்பத்தெட்டு. குனிந்து, ஒரு பூஜ்யத்தை எழுதிவிட்டு, பேனாவை அவனிடம் கொடுத்தார்.